கொழும்பில் எங்கே தங்குவது?

"கொழும்புக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தே, "வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கை?" என்று மற்றவர் வினவுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தார், வன்னியார், மட்டக்களப்பார் என்ற வேற்றுமை இதில் இல்லை. நகரம் வேறு, அதன் ஒரு மூலை வேறு என்ற எண்ணமே நம் மனத்திலிருந்து கழன்றுபோயிற்றோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. இஃது அற்ப விடயம், இதற்கொரு கட்டுரையும் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். அற்பமென்று நான் கருதவில்லை. மூன்று நாட்கள் ஒரு நகரத்தில் தங்கச் செல்பவருடைய பகற்பொழுது கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் பஸ்வண்டிகளிலும் கழிந்துவிடும். அவருக்கென்று எஞ்சுவன விடியற்காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமுந்தான். அந்த நேரத்தில் அவர் கால்நடையாகச் சுற்றுவது தாம் தங்கிய இடத்தையே. ஊருக்குத் திரும்பியபின் "கொழும்பு இப்படி" என்று அவர் சொல்வதெல்லாம் அந்தச் சுற்றுப்புறத்தைப் பற்றிய செய்தியே. சொல்பவர் ஓர் ஆசிரியராக இருந்துவிட்டால், அதைக் கேட்டு நம்புவதற்கு நாற்பது மாணவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வடக்கிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் பஸ்வண்டிகள் பல, விடியும் வேளையில் பயணிகளைக் காலி வீதியில் வெள்ளவத்தையிலேயே இறக்கிவிடுகின்றன. இறங்கிய இடத்திலேயே இடியப்பமும் சொதியும் கிடைக்கும். மைத்துனர் வீடோ மாமி வீடோ இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு முற்பகலைக் கழித்தவர் அந்தப் பயணம் வீண் என்று சொல்லமாட்டார். இராமகிருஷ்ண மிஷனும் அங்கேதான். கடலும் அருகேதான், ஆயினும் ஊருக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகிறது. கடற்பக்கத்து அறைதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் இதை நினைவிற் கொள்வது நன்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று உப்புத் தூவலை யன்னல் வரையிற் கொண்டுவந்து சேர்க்கும். அக்காலத்தில் அந்தக் கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. "வெள்ள" என்பதை வெண்மையென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது கடற்கரை மணலைக் குறிக்கும் சிங்களச் சொல். மணற்றோட்டம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அத்தோட்டத்தில் பெரியதொரு நூற்பு நெசவு ஆலை இருந்ததென்பதும், இன்று "ஹவ்லொக் சிற்றி" என்னும் அடுக்குமாடிகள் எழுந்து நிற்பது அந்த ஆலை நின்ற நிலத்தில் என்பதும் அங்கு அடிக்கடி போய்வருவோர்க்கே தெரிவதில்லை.

வெள்ளவத்தையே கதி என்னும் இந்த மனநிலை சுகத்தை நாடி உண்டானதென்று சொல்வது நியாயமாகாது. 1983 ஜூலையில் காலி வீதியிலே தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிந்தன, வெள்ளவத்தையும் தப்பவில்லை. தப்பாத இடத்துக்கே மக்கள் மீண்டும் வந்து சேர்ந்தார்கள். பலர் கூடி இருப்பதே ஒரு காவல் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. போர்க்காலத்தில் விடுதியொன்றில் அறை எடுப்பவர் பொலிஸ் பதிவுக்கும் நள்ளிரவுச் சோதனைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆந் திகதி நடந்ததை மறக்க முடியுமா? வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்வண்டிகளில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. தலைநகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் உரிமைக்கே நீதிமன்றத்தின் வாயிலைத் தட்ட வேண்டியிருந்த காலம் அது. அக்காலத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையே மேலென்று எண்ணியவர்களை யார் குறை கூறுவார்?

ஆனால் அச்சத்தோடு வேறொன்றும் கலந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. "கொட்டாஞ்சேனையிலா தங்கினீர்கள்?" என்று முகத்தைச் சுளிக்கும் படித்தவர்களை நான் அறிவேன். அந்தச் சுளிப்பு பாதுகாப்பைப் பற்றியதன்று. மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும், துறைமுகத் தொழிலாளரும், மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்திகளாக வந்த இளைஞரும், தோட்டம் என்று பெயர்பெற்ற நெருக்கக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களும் நம்மவருடைய கண்ணில் நம்மவராகப் படுவதில்லை. அவர்கள் பேசுவதும் தமிழ். பலர் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர்கள். கொழும்புத் தமிழர் என்ற பெயருக்கு முதல் உரித்துடையவர்கள் யாரென்று வினவினால் வெள்ளவத்தையின் புதிய அடுக்குமாடிகளை நோக்கி நான் கைகாட்டமாட்டேன்.

ஆகவே என் கருத்தைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய ஈடுபாடுள்ளவர்களும் கொழும்புக்குச் செல்லும்போது, ஓரிரவேனும் நகரத்தின் வடபாகத்தில், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு என்னும் அந்த வட்டத்தில் தங்க வேண்டும். பகலில் முச்சக்கர வண்டியிற் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. அங்கே உறங்கி எழ வேண்டும்.

இந்நகரம் கடலினால் உண்டான நகரம். அக்கடலின் தொழில் நடக்கும் இடம் வடபாகமே. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவெய்தியது. அதற்குமுன் காலியில் தங்கிச் சென்ற பெருங்கப்பல்கள் அதன்பின் கொழும்பை நாடின. கப்பலைத் தொடர்ந்து பண்டசாலைகளும், பண்டசாலைகளைத் தொடர்ந்து சுமைகூலிகளும், அவர்களைத் தொடர்ந்து கடைகளும் கோயில்களும் அச்சகங்களும் அங்கே குவிந்தன. துறைமுகத்தின் இரைச்சலையும் தூசியையும் தாங்கமாட்டாத செல்வர்கள் கறுவாத்தோட்டத்துக்கும் தெற்குக் கரைக்கும் நகர்ந்தார்கள். வடக்கு உழைக்கிறது, தெற்கு இளைப்பாறுகிறது. தெற்கை மாத்திரம் கண்டு திரும்புபவர், சமையலறையை எட்டிப் பாராமல் விருந்துண்டு திரும்புபவரை ஒப்பார். ஒரு குறையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வடபாகத்தில் துறைமுகம் கடலை மறைத்துவிடுகிறது. பாரந்தூக்கிகள் தெரியும், கப்பலின் ஊதல் கேட்கும், அலை தெரியாது. அலை வேண்டுபவர் முகத்துவாரம் வரையிற் போக வேண்டும். களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் அஃது என்பதை அதன் பெயரே சொல்கிறது.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குபவருக்கு இந்த வட்டம் இரண்டு மூன்று கிலோமீட்டர்த் தொலைவுதான். வெள்ளவத்தையோ ஏழெட்டுக் கிலோமீட்டர். (அந்த நிலையம் பெயருக்குத்தான் கோட்டை, நிற்பது புறக்கோட்டையில்.) 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபின், பஸ்வண்டியை விட்டுப் புகையிரதத்திற் செல்வோர்க்கு வடபாகம் இன்னும் வசதியாயிற்று.

கொட்டாஞ்சேனையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு விடுதியை விட்டு வெளியே வாருங்கள். முதலிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 1857இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயிலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் றிருப்பணியாக்கினார். வெளியே லொறிகள் உறுமும் தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் கல்லின் குளிர்ச்சி பாதத்திலே தெரியும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே திரள்பவர்களிற் கத்தோலிக்கர் எத்தனை பேர், திருநீறு அணிந்தவர் எத்தனை பேர், பௌத்தர் எத்தனை பேர் என்று பிரித்தறிய இயலாது. 2019 ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அந்த ஆலயத்திலேதான் குண்டு வெடித்தது. இறந்தவர்களிலே தமிழ் பேசும் குடும்பத்தவர் பலர். அதே ஆண்டிலேயே ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது, மக்களும் வந்தார்கள்.

சற்றே உள்ளே திரும்பினால் தீபதுத்தாராம விகாரை. 1873இல் பாணந்துறையிலே கிறித்தவ போதகரோடு வாதம் புரிந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த இடம் அது. நாவலர் பெருமானைப் பற்றி வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசும் நம் ஆசிரியர்கள், அதே காலத்தில் இதே தீவில் அதே போராட்டத்தை வேறொரு மொழியில் நடத்தியவருடைய விகாரையைப் பார்த்திருக்கிறார்களா? அண்மையிலேயே புனித லூசியாள் பேராலயம் நிற்கிறது. 1883இல் இவ்விடத்திலேதான் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக வரும் செய்தி, அந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையேயுள்ள சிறு தூரத்தை நடந்து பார்க்கும்போது வேறுவிதமாக விளங்கும். ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வூல்வெண்டால் தேவாலயம், 1909இல் முடிவுற்ற புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் ஆகியவையும் நடந்தே காணக்கூடியவை.

தமிழ் எழுத்தில் நாட்டமுடையவர்க்கு வேறொரு யாத்திரையும் அங்கே உண்டு. 1930இல் பிறந்த வீரகேசரியின் காரியாலயம் இயங்கி வந்தது கிராண்ட்பாஸ் வீதியில். செட்டியார் தெருவின் நகைக்கடைகளுக்கு நடுவே பூபாலசிங்கம் புத்தகசாலை. 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில். அச்சபை நடத்தும் சைவசமயப் பரீட்சையை எழுதாத சைவ மாணவர் நம் ஊர்களிற் குறைவு. அதன் வாயிலைக் கண்டவர் அதனினுங் குறைவு. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபின் வெளிவந்தது இவ்வட்டத்தின் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்தே. மல்லிகையின் கடைசி ஆண்டுகளின் இதழ்களைப் படித்தவர்கள் அந்த முகவரியை மறந்திருக்கமாட்டார்கள்.

மற்றப் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொள்ளுப்பிட்டியும் கோட்டையும் பணமுடையோர்க்கு. கல்கிசை கடலுக்காகவே வருபவர்க்கு. கொம்பனித்தெரு மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழ்ந்த இடம். வானளாவும் கட்டடங்கள் அதனை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. பம்பலப்பிட்டிக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேலவர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளி, அங்கே தங்கியிருந்து திரும்புகிறார். தெற்கிலே தங்கச் செல்பவருக்கும் நிரந்தர இருப்பிடம் வடக்கிலே என்பதைக் கவனிக்க!

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். பெண்கள் தனியே செல்லும்போதும், முதியோரை வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லும்போதும் உறவினர் அண்மையில் இருப்பதே நன்று. அவர்கள் வெள்ளவத்தைக்கே செல்லட்டும். புறக்கோட்டைப் பிரதான வீதியின் நடுவே அறை எடுப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கடைகள் பூட்டியபின் அத்தெருக்கள் வெறிச்சோடிவிடும், லொறிகளில் ஏற்றியிறக்கும் ஓசையோ ஓயாது. குடும்பங்கள் வாழும் கொட்டாஞ்சேனைத் தெருக்களில், மேல்மாடியில், பின்புறத்து அறையாகக் கேட்டு எடுப்பதே தக்கது. பணம் கொடுக்குமுன் நீர்க்குழாயைத் திறந்து பார்க்கவும். அழுக்கு உண்டு, நெருக்கடி உண்டு, பெருமழை பெய்தால் தெருவில் வெள்ளமும் உண்டு. இவையும் கொழும்பைச் சேர்ந்தவையே.

பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்களை ஒழுங்கு செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும் காலிமுகத்திடலும் உங்கள் நிரலில் இருக்கட்டும். 1877இல் திறந்த நூதனசாலையும், அங்குள்ள சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிக் கல்வெட்டும் இருக்கட்டும். இரண்டாம் நாட்காலையை மாத்திரம் வடபாகத்துக்கு ஒதுக்குங்கள். பஸ்வண்டியை விட்டிறங்கி நடத்திச் செல்ல வேண்டும்; எட்டு மணிக்குமேல் லொறிகளும் கைவண்டிகளும் தெருவை அடைத்துவிடும். செவ்வாய்க்கிழமையாக அமைந்தால் மிக நன்று. ஆனால் அன்றைக்குக் கொச்சிக்கடையிலே கூட்டம் அதிகம். பிள்ளைகளை ஆறு மணிக்கு முன்பே எழுப்பிவிட வேண்டும்.