பாதையின் உரிமை

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களை நோக்கி, பாதைகளில் அமர்வதைத் தவிர்த்துக் கொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். தோழர்களுக்கோ அது இயலாததாகத் தோன்றிற்று. தங்களுக்கு வேறு இடமில்லை என்றும், அங்கு அமர்ந்துதான் தங்கள் காரியங்களைப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும் அவர்கள் முறையிட்டார்கள். பெருமானார் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்து விடுங்கள் என்று பணித்தார்கள். அவ்வுரிமை யாது என்று வினவப்பட்டபோது நான்கினை எடுத்துரைத்தார்கள்: பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல். அபூ ஸயீத் அல் குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழி புகாரி, முஸ்லிம் என்னும் இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

அன்புச் சகோதரர்களே! பாதைக்கும் ஓர் உரிமை உண்டு என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. மனிதனுக்கு மனிதன் மீதுள்ள உரிமையைப் பேசியதோடு நில்லாமல், நடந்து செல்லும் தெருவுக்கும் நம்மீது ஒரு கடன் இருக்கிறது என்று கற்பித்த மார்க்கம் இது. அக்கடனை இன்று நாம் எவ்வாறு செலுத்துகிறோம் என்று சற்றே எண்ணிப் பார்ப்பது இந்த வெள்ளிக்கிழமையில் பயன்தரும்.

நம் பாதை எது? திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்வோருக்குப் பெரும்பாலும் அது இருப்புப் பாதையே ஆகும். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் பயணி ரயில், திருவள்ளூர் வழியாகவே சென்றது. வடக்கே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் தடம் 1979-ஆம் ஆண்டில் மின்மயமாக்கப்பட்டது. அன்று முதல் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களின் உழைப்பாளி மக்களை இத்தடம் சுமந்து வருகிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் காலை முறைக்குச் செல்வோரும் இரவு முறை முடித்துத் திரும்புவோரும் ஒரே நடைமேடையில் எதிரெதிரே கடந்து செல்கின்றனர். நபித்தோழர்கள் பாதையோரத்தில் அமர்ந்தார்கள். நாம் ரயில் பெட்டியிலும் பேருந்து இருக்கையிலும் அமர்கிறோம். இடம் மாறியதேயன்றி உரிமை மாறவில்லை.

முதலாவது உரிமை பார்வையைத் தாழ்த்துதல். இன்று ஒரு பெட்டிக்குள் நுழைந்து பாருங்கள்; தாழாத பார்வை ஒன்றைக்கூடக் காண்பது அரிது! முதியவர் முதல் சிறுவர் வரை அனைவருடைய கண்களும் குனிந்தே இருக்கின்றன. ஆயினும் இது பெருமானார் கற்பித்த தாழ்மைதானா? அவர்கள் சொன்ன தாழ்மை, காணத் தகாததைக் காணாதிருக்கும் அடக்கம். இன்று நாம் பழகியிருப்பதோ, காணத் தகாதவற்றையும் கையடக்கமாகச் சுமந்து, காண வேண்டியவற்றை மட்டும் காணாதிருக்கும் குனிவு. பிள்ளையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்க்கு இடம் தர எவரும் எழுவதில்லை. மனத்தில் இரக்கம் இல்லாமையால் அன்று. கண் அவரைக் காணவே இல்லை.

கைப்பேசியைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கும்மிடிப்பூண்டியின் இரும்பு ஆலைகளில் வேலை செய்யும் இளைஞனுக்குத் தன் தாயின் முகத்தைக் காட்டுவது அதுவே. பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டுப் பெற 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'சென்னை ஒன்' செயலியும் அக்கருவியில்தான் இயங்குகிறது. கருவி அருட்கொடையே. ஆனால் எந்த அருட்கொடையைப் பற்றியும் கேள்வி உண்டு. செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் இறைவன் எச்சரிக்கிறான். உடல்நலமும் ஓய்வு நேரமும் மனிதரில் பெரும்பாலோர் நட்டப்பட்டுவிடும் இரு செல்வங்கள் என்று நபிகளார் உரைத்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பியவன், உறங்க வேண்டிய இரவில் இரண்டு மணி நேரத்தைத் திரையில் கரைத்துவிட்டு, மறுநாள் கண்ணெரிச்சலுடன் இயந்திரத்தின் முன் நிற்பானாயின், அவன் இழந்தது இவ்விரு செல்வங்களையும் ஒருங்கே அல்லவா? ஃபஜ்ருத் தொழுகை தவறுவது அதற்கு மேலான இழப்பு.

இழப்பு சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கிறது. இயர்போனால் காதுகளை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பவனுக்கு, மின்சார வண்டியின் ஒலி எட்டுவதில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளுக்கிடையே இருசக்கர வண்டியில் செல்பவன், ஒரு கையில் கைப்பேசியையும் மறு கையில் தன் குடும்பத்தின் எதிர்காலத்தையும் பிடித்திருக்கிறான். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் கைப்பேசி கொண்டு பேசுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. சட்டம் அபராதத்தைச் சொல்கிறது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்னும் திருமறையின் கட்டளையோ அதற்கு முன்னரே நம்மிடம் இருக்கிறது.

இரண்டாவது உரிமை தொல்லை தராதிருத்தல். பாதையிலிருந்து இடர் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை நாம் சிறுவயதிலேயே கற்றோம். வழியில் கிடந்த முட்கிளையை ஒதுக்கிய மனிதரை இறைவன் மன்னித்தான் என்ற செய்தியையும் கேட்டிருக்கிறோம். முள் கண்ணுக்குத் தெரியும், காலில் தைக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சில் தைக்கும் முள்ளுக்குப் பெயர் புகை. வடசென்னையை ஒட்டிய மணலியை நாட்டின் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஆலைப் புகைக்கு ஆலை உரிமையாளர் பொறுப்பு. கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே கிளப்பும் வண்டியின் புகைக்கு யார் பொறுப்பு? கால் மைல் தொலைவிலுள்ள கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வண்டியை முடுக்குகிறோமே, அந்தப் புகையைச் சுவாசிப்பது தெருவில் விளையாடும் நம் அண்டை வீட்டுக் குழந்தைதானே?

மின்சார வண்டி வாங்கிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர். 2025-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கியது, வரவேற்கத் தக்கதே. தெருவில் புகையும் இரைச்சலும் குறைகின்றன. ஆயினும் கும்மிடிப்பூண்டி வண்டியில் செல்வோர் அத்திப்பட்டு நிலையத்தருகே தலையை உயர்த்திப் பார்த்தால், வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களின் நெடிய புகைபோக்கிகளைக் காண்பர். நம் மின்சாரத்தின் ஒரு பெரும் பங்கு இன்னும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது; அதன் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவரைப் பல்லாண்டாகத் துன்புறுத்தி வருகிறது. எனவே ஆளுக்கொரு மின்வண்டி என்பதைக் காட்டிலும், பலர் சேர்ந்து செல்லும் ஒரு வண்டியே மேலானது. ஓர் ஊழியர் பேருந்தில் ஐம்பது பேர் செல்வார்களாயின், ஐம்பது வண்டிகள் சாலையிலிருந்து அகல்கின்றன. அது ஐம்பது முட்களை அகற்றுவதற்கு ஒப்பாகும். 2021-ஆம் ஆண்டு மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல இயல்கிறது. நம் இல்லத்துப் பெண்மணிகள் இவ்வசதியைத் தயங்காமல் பயன்படுத்தட்டும்.

நடையின் சிறப்பை நாம் மறந்துவிட்டோம். பனூ ஸலிமா குலத்தார் மதீனாவில் பள்ளிவாசலுக்குத் தொலைவில் வாழ்ந்தனர். அருகே குடிபெயர விரும்பிய அவர்களை, இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிச் சுவடுகள் பதிவு செய்யப்படுகின்றன என்றும் நபிகளார் தேற்றினார்கள். அடியெடுத்து வைத்த ஒவ்வொரு சுவட்டுக்கும் நன்மை எழுதப்படும் வணக்கத்திற்கு, எரிபொருளை எரித்து விரைந்து வந்து, வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஆம்புலன்சுக்கும் வழிவிடாமல் தெருவை அடைத்துவிட்டு, உள்ளே சென்று முதல் வரிசையில் நிற்கிறோம்! தொழுகை நம்முடையது, அடைபட்ட தெரு எல்லோருடையது.

உள்ளே சென்ற பின்னரும் கைப்பேசி நம்மை விடுவதில்லை. குத்பா நடைபெறும்போது தரையில் கிடக்கும் சிறு கல்லைத் தொட்டவர்கூட வீண் செயல் புரிந்தவராவார் என்பது நபிமொழி. அன்றைய கூழாங்கல் வாய் பேசாது, ஒளிராது, அதிராது. அதற்கே அவ்வெச்சரிக்கை என்றால், சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருக்கும் இந்தக் கல்லைப் பற்றி என்ன சொல்வது?

மூன்றாவது உரிமை ஸலாமுக்கு மறுமொழி. ஸலாம் சொல்ல முகம் நிமிர வேண்டும். அடுத்த இருக்கையில் இருப்பவர் நம்மவரா, பிற மதத்தவரா என்பதன்று கேள்வி. ஒரு புன்முறுவல் எவருக்கும் உரியதே. அதுவும் தர்மம் என்று நாயகம் மொழிந்தார்கள். மொழி தெரியாத ஊரில் வந்து நிற்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கு, இறங்க வேண்டிய நிலையத்தைக் கைகாட்டிச் சொல்வது எத்தனை சிறிய செயல்! அதற்கும் நாம் தலை நிமிர வேண்டியிருக்கிறது.

நான்காவது உரிமையே மிகக் கனமானது: நன்மையை ஏவுதலும் தீமையைத் தடுத்தலும். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்தின் பழவேற்காட்டில் நடந்ததை நினைவு கூர்வோம். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் திரிகின்றனர் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகள் வாயிலாகப் பரவியிருந்தது. வழியில் திரிந்த ஆதரவற்ற மனிதர் ஒருவரைக் கூட்டம் பிடித்து அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டது. அவர் எக்குழந்தையையும் கடத்தியவரல்லர். அதே நாட்களில் போளூர் அருகே அத்திமூரில் முதிய பெண்மணி ஒருவரும் அவ்வாறே உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை இந்தியாவில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒருசேர அனுப்ப இயலாதவாறு வரையறை செய்தது. நிறுவனம் ஐந்து என்று வரையறுத்தது. தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வரையறுத்துவிட்டது. எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிறர் பாதுகாப்புப் பெறுகின்றனரோ அவரே முஸ்லிம் என்றார்கள் பெருமானார். இன்று நாவும் கையும் ஒரே கருவியில் வந்து கூடியுள்ளன. விரலின் ஒரு தொடுகை போதும்; வழியே சென்ற ஓர் ஏழைக்கு அது மரணமாகலாம்.

ஆகவே, வாசகப் பெருமக்களே, பெரிய திட்டங்கள் வேண்டா. சிறிய ஒழுங்குகள் போதும். பயணத்தின் முதல் பத்து நிமிடம் கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்; அந்நேரம் திக்ருக்கும் அயலாரின் முகத்துக்கும் உரியதாகட்டும். நடக்கும்போதும் ஓட்டும்போதும் அதனைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்வோம். உறங்குமுன் அதனை வேறு அறையில் வைப்போம். விசாரிக்காத செய்தி நம் விரலோடு நிற்கட்டும். நடக்கக் கூடிய தொலைவுக்கு நடப்போம். அதற்கு மேற்பட்டதற்குப் பேருந்தையும் ரயிலையும் முதலில் எண்ணுவோம். ஜமாஅத் நிருவாகிகள் வெள்ளிதோறும் தெருவில் வண்டிகள் குறுக்கிடாதவாறு இரண்டு இளைஞர்களை வாசலில் நிறுத்தலாம். மிதிவண்டிகளுக்கென ஓர் இடம் ஒதுக்கலாம்.

கியாமத்து நாளில் பூமி தன் செய்திகளையெல்லாம் எடுத்துரைக்கும் என்று ஸில்ஸால் அத்தியாயம் அறிவிக்கிறது. அன்று மீஞ்சூர் நடைமேடையும் பொன்னேரிச் சாலையும் நம் தெருமுனையும் வாய் திறக்கும். நாம் அவற்றின் மீது எவ்வாறு நடந்தோம், யாரைக் கண்டோம், யாரைக் காணாது கடந்தோம் என்பதை அவை சொல்லும். அச்சான்று நமக்கு எதிராக அல்லாமல் நமக்காக அமைய, எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பார்வைக்கு அடக்கத்தையும், நம் கைகளுக்குக் காவலையும், நம் காலடிகளுக்கு நன்மையையும் நல்கி அருள்வானாக! ஆமீன்.