கரும்புகையும் நம் காசும்

நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நம் சமவெளிக்குப் பெருமை. கவலை மாடுகள் நீர் இறைத்த கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் வந்த காலத்தை முதிய அங்கத்தினர்கள் அறிவர். எனினும், டீசல் எவ்வாறு எரிகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 16-ல் 1 பங்காக அழுத்தப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பனிபோல் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நாசில் தேய்ந்தாலோ, காற்று வடிகட்டி அடைபட்டாலோ, முற்றும் எரியாமல் கரும்புகை எழும். அப்புகை நாம் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயே அன்றோ?

திறந்த வெளியில் நிலைமை இன்னும் மோசம். டீசல் பெட்ரோலைப்போல் சட்டெனப் பற்றாது. ஆயினும் கந்தலிலும் சருகிலும் ஊறினால் திரிபோல் எரிந்து கரியைக் கக்கும். குப்பைக்கு டீசல் ஊற்றிக் கொளுத்தும் வழக்கம் கைவிடத்தக்கது.

டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. மின்சாரம் நின்ற வேளையில் தறிக்கூடத்துக்குள்ளேயே ஜெனரேட்டர் ஓட்டுவோர் இதனைக் கருத வேண்டும். பாவில் படியும் கரியைக் கண்டு பதறுகிறோம். நெஞ்சில் படியும் கரியை யார் காண்பது?

ஜெனரேட்டரை வெளியே, காற்றோட்டத்தில் வைப்போம். நாசில் சோதனை தனி ஒருவருக்குச் செலவாகலாம்; சங்கத்தின் வாயிலாகக் கூடிச் செய்தால் எளிதாகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.