உடன் பிறவாத சகோதரிகள்

கல்லூரி திறந்த முதல் நாள்.

கோவையில் ஒரு பெண்கள் விடுதியின் வாசல். பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு தந்தை தன் மகளை அழைத்து வந்து நிற்கிறார். அவர் விசைத்தறித் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பெண் அவள்தான்.

கையில் ஒரு பெட்டி. ஒரு தலையணை. தூக்குப் பாத்திரத்தில் அம்மா சுட்டுக் கொடுத்த கச்சாயம்.

தந்தைக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. அந்த வழியாக வந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியை நிறுத்துகிறார்.

"அம்மிணி, புள்ளை ஊருக்குப் புதுசு. கொஞ்சம் பாத்துக்குங்க."

"நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறனுங்க."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

ஆண்டுதோறும் கோவையில் எத்தனையோ விடுதி வாசல்களில் நடக்கும் காட்சி இது. பத்திரம் எழுதவில்லை. சாட்சி வைக்கவில்லை. ஒரு பெண் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான்.

அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா? பெற்றோர்களும் மாணவிகளும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சகோதரிக்குத் தனி இடம்

கொங்கு நாட்டுக்குச் சகோதரியின் அருமை தெரியும்.

கொங்கு வேளாளர் கல்யாணத்தில் "இணைச்சீர்" என்று ஒரு சடங்கு உண்டு. மணமகனின் உடன் பிறந்தவளுக்கு அங்கே தனி மரியாதை. உறவினர் எல்லோரும் பார்க்க, சபையில் அவளுக்கு இடம் கொடுக்கிறார்கள். "கல்யாணம் ஆனாலும் உன் உறவு அற்றுப் போகாது" என்பதே அதன் பொருள்.

இது ஒரே வயிற்றில் பிறந்த உறவு. கல்லூரியில் உண்டாகும் உறவு வேறு. நாலு ஊரில் இருந்து, நாலு வீட்டில் இருந்து வந்த பெண்கள் ஒரே அறையில் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே பரீட்சைக்குப் பயந்து சகோதரிகள் ஆகிறார்கள்.

இந்த உறவுக்குச் சடங்கு இல்லை. சபை இல்லை. ஆகவே இதைக் காப்பாற்றுவது மாணவிகள் கையில்தான் இருக்கிறது.

நாலு பெண்கள் செய்த காரியம்

அமெரிக்காவில் இந்த உறவுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். "சொராரிட்டி" என்பது அந்தப் பெயர். சகோதரிச் சங்கம் என்று பொருள். லத்தீன் மொழியில் "சொரார்" என்றால் சகோதரி.

அது பிறந்த கதை சுவையானது.

இந்தியானா மாநிலத்தில் ஒரு கல்லூரி. 1867-ம் ஆண்டில்தான் அங்கே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி பெட்டி லாக். அங்கே ஆண்களுக்குச் சங்கங்கள் இருந்தன. ஒரு சங்கத்தார் அவளிடம், "எங்கள் சின்னத்தை நீ அணிந்துகொள்ளலாம். ஆனால் உறுப்பினர் ஆக முடியாது" என்றார்களாம்.

"உறுப்பினர் உரிமை இல்லாத சின்னம் எனக்கு வேண்டாம்" என்று அவள் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

மறுத்ததோடு சும்மா இருக்கவில்லை. 1870-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, மேலும் 3 பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனிச் சங்கம் தொடங்கினாள். கிரேக்க எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். "கப்பா ஆல்பா தீட்டா" என்பது அதன் பெயர்.

இன்று அமெரிக்காவில் இப்படிப் பல சங்கங்கள் இருக்கின்றன. சேருகிறவர்கள் இவ்வளவு மார்க்குக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கோ நோயாளிகளுக்கோ நிதி திரட்டுகிறார்கள். புதிதாக வரும் மாணவிக்கு ஒரு மூத்த மாணவியை "அக்காள்" ஆக்கிவிடுகிறார்கள்.

படிப்பு, தொண்டு, பழக்க வழக்கம் ஆகிய மூன்றும்தான் அந்தச் சங்கங்களின் தூண்கள்.

கதவை அடைத்தார்கள்!

அந்தச் சங்கங்களுக்கு ஒரு கறையும் உண்டு.

வெள்ளை மாணவிகளின் சங்கங்களில் நெடுங்காலம் கறுப்பின மாணவிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. "சகோதரி" என்ற சொல்லுக்குள்ளே நிறம் புகுந்துகொண்டது.

கறுப்பினப் பெண்கள் கண்ணீர் விட்டுக்கொண்டு உட்காரவில்லை. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-ம் ஆண்டு தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1913-ம் ஆண்டு ஜனவரியில், அதே பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் "டெல்டா சிக்மா தீட்டா".

அந்த 22 பேரின் முதல் பொதுக் காரியம் என்ன தெரியுமா? விருந்து அல்ல, விழா அல்ல. அதே ஆண்டு மார்ச் 3-ந் தேதி, பெண்களுக்கு ஓட்டு உரிமை கேட்டு வாஷிங்டன் வீதியில் நடந்த ஊர்வலத்தில் அவர்கள் கலந்துகொண்டார்கள்!

கூட்டமாகச் சேருவது பெரிய காரியம் அல்ல. சேர்ந்து எதற்காக நடக்கிறோம் என்பதுதான் பெரிது.

கோவையில் நடந்தது

கிரேக்க எழுத்துச் சங்கங்கள் நம் கல்லூரிகளின் வழக்கம் அல்ல. ஆனால் அவற்றின் நல்ல பகுதி கோவையில் வேறு வழியில் வளர்ந்தது.

1948-ம் ஆண்டு கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரி தோன்றியது. 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. 1963-ல் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி ஏற்பட்டது. பஞ்சாலை நகரம் பெண் கல்வி நகரமாகவும் ஆயிற்று.

அவினாசிலிங்கம் கல்லூரியை நிறுவியவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் பிறந்தவர். சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தவர். அந்தக் கல்லூரியைப் பல ஆண்டுகள் முதல்வராக இருந்து வளர்த்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ்.

ராஜம்மாள் 1919-ம் ஆண்டு செங்கத்தில் பிறந்தார். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சத்துணவு பற்றிப் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். படித்த படிப்பைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1988-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் துணைவேந்தராகவும் பிறகு வேந்தராகவும் இருந்தார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"மனையியல் என்றால் சமையல் கற்றுக்கொள்வதுதானே? இதற்கு ஒரு கல்லூரியா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்களுக்குப் பதில் "குழந்தை அமுது"!

வறுத்த தானியம், பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் சத்துமாவு அது. அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சியில் உருவானது. இதில் சீமைச் சரக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கொங்கு நாட்டுக் காட்டில் விளைவது, மளிகைக் கடையில் கிடைப்பது. கூலி வேலைக்குப் போகும் தாய்கூட வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தானியத்தில் குறைவாக உள்ள சத்தைப் பயறு கொடுக்கிறது. கடலையில் புரதமும் கொழுப்பும் கிடைக்கின்றன. வெல்லம் தெம்பும் ருசியும் தருகிறது. தனித்தனியே நின்றால் குறை. ஒன்றாகச் சேர்ந்தால் நிறைவு. சகோதரிச் சங்கத்துக்கும் இதுதான் சூத்திரம்!

நான் அல்ல, நீ!

மாணவர் தொண்டுக்கு அரசாங்கமும் வழி செய்தது.

1969-ம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 40 ஆயிரம் பேர். பிறகு பல லட்சமாகப் பெருகியது. "நான் அல்ல, நீ" என்பதே அதன் தாரக மந்திரம்.

இதில் சேரும் மாணவி 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் 7 நாள் முகாமும் உண்டு.

அந்த 7 நாளில் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மரக் கன்று நடுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுக்கிறார்கள். சாயங்காலம் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருகிறார்கள்.

"7 நாளில் கிராமம் மாறிவிடுமா?" என்று கேட்கலாம். மாறாது. ஆனால் மாணவி மாறுவாள். குழாயில் தண்ணீர் வராத தெருவை அவள் பார்க்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட தன் வயதுப் பெண்ணோடு பேசுகிறாள். "நானும் இப்படி நின்றிருப்பேனே" என்று அவள் மனம் சொல்கிறது.

அந்த எண்ணம்தான் தொண்டின் விதை. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குப் பெயர் தொண்டு அல்ல.

நச்சுக் களை

நல்ல வழக்கம் வளரும் இடத்தில் களையும் முளைக்கும்.

"சீனியர்" என்ற அதிகாரத்தில் புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங் அப்படிப்பட்ட களை. "விளையாட்டுக்குச் செய்தோம்" என்பார்கள். 1996-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவரின் உயிரையே அது குடித்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியில் இருந்தும் நீக்கிவிடுவார்கள்.

இன்னொரு களை உண்டு. அது சத்தம் போடாது. சட்டத்தின் கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

சாதி பார்த்து ஒரு கூட்டம். பணம் பார்த்து ஒரு கூட்டம். தமிழில் படித்து வந்தவள் ஒரு பக்கம். இங்கிலீஷ் பள்ளியில் படித்து வந்தவள் மறு பக்கம். சாப்பாட்டு மேஜையில் ஒருத்திக்கு மட்டும் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அவள் வீட்டுக்குப் போன் செய்து, "எனக்குப் படிப்பு வேண்டாம்" என்று அழுவாள்.

அமெரிக்காவில் நிறத்தால் அடைத்த கதவைப் பற்றிப் படித்துவிட்டு, "அடடா" என்று வருத்தப்படுகிறோம். நம் விடுதியில் நாமே ஒரு கதவை அடைக்கலாமா?

ஒரு நாற்காலியின் விலை

பல்லடத்துப் பெண்ணை மறந்துவிட வேண்டாம்.

அவள் படிக்க அரசாங்கம் உதவுகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டம், 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கப்பட்டது. வீட்டில் ஆடு விற்றாவது, நகை அடகு வைத்தாவது பெற்றோரும் கொடுக்கிறார்கள்.

பணத்தால் அவளைக் கல்லூரிக்குள் கொண்டுவரலாம். அங்கே தங்க வைப்பது பணத்தால் மட்டும் முடியாது.

முதல் பாடத்தில் இங்கிலீஷ் புரியாமல் அவள் திகைக்கும்போது, இரவில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஓர் அக்காள் வேண்டும். முதல் பரீட்சையில் தோற்றுவிட்டால், "நானும் முதல் செமஸ்டரில் தோற்றவள்தான்" என்று சொல்ல ஓர் அக்காள் வேண்டும். ஊரில் திடீரென்று கல்யாணப் பேச்சு வந்தால், "படிப்பு முடியட்டுங்க" என்று அப்பாவிடம் பேச ஓர் அக்காள் வேண்டும்.

சங்கம், முகாம் என்று போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல சகோதரிக் கூட்டம் படிப்பைக் கெடுக்காது. நின்றுபோக இருந்த படிப்பை அது காப்பாற்றும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு மூத்த மாணவியும் ஒரு புதிய மாணவியைத் தங்கையாக ஏற்கட்டும். தன் ஊர்க்காரியை அல்ல, தன் சாதிக்காரியை அல்ல. சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும்!

படித்து முடித்த புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் விடுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போகட்டும். அடுத்த ஆண்டுத் தங்கைக்கு அது சீதனம்.

பொங்கலுக்குப் பட்டுச் சேலை கட்டிக் கோலம் போடுவது நல்ல வழக்கம். அந்தப் பொங்கலில் ஒரு பானை, விடுதியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் குடும்பத்துக்கு என்று இருந்தால் அது இன்னும் நல்ல வழக்கம்.

பட்டம் வாங்கிப் போனவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் திரும்பி வரட்டும். கல்யாணம் ஆனதும் பெண்ணின் சிநேகிதம் முடிந்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் அக்காளைப் பார்த்தால்தான் தங்கைக்குத் தைரியம் பிறக்கும்.

கல்லூரிகளும் ஒரு கணக்கு எடுக்கட்டும். "எத்தனை பேர் முதல் வகுப்பில் தேறினார்கள்?" என்று விளம்பரம் செய்கிறார்கள். "எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? ஏன் நின்றார்கள்?" என்றும் கேட்கட்டும்.

மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். மறுபடியும் கல்லூரி திறக்கும். அதே விடுதி வாசலில் வேறு ஒரு தந்தை வந்து நிற்பார். சோமனூரோ, காங்கயமோ, சத்தியமங்கலமோ!

அப்போது அந்தப் பல்லடத்துப் பெண் அங்கே இருக்க வேண்டும். பாதியில் படிப்பை விட்டு ஊருக்குப் போனவளாக அல்ல. மூன்றாம் ஆண்டு மாணவியாக!

அவள் முன்னே வந்து, புதியவளின் பெட்டியை வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும்:

"நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறனுங்க."