இரும்பு இருந்தால் மட்டும் இஞ்சின் ஓடாது

ஈடிஎஸ் மின்ரயில் ஜொகூர் பாரு வரை வந்த பிறகு பெர்மாஸ் ஜெயா சாப்பாட்டுக் கடைகளில் பழைய ரயில் பேச்சு கூடியிருக்கிறது. "நிறுத்தி வைத்திருக்கும் பெரிய நீராவி இஞ்சின் ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டால் ஓடாதா? கெம்பாஸ் பாரு - பாசிர் கூடாங் சரக்குத் தடத்தில் வார இறுதியில் விட்டால் கூட்டம் அலைமோதும். மனம்தான் இல்லை." ஆசை நியாயமானதுதான். அதற்குச் சொல்லும் காரணங்கள்தான் நிற்கவில்லை.

"கம்ப்யூட்டர் இல்லாத எந்திரம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும்" என்கிறார்கள். தெரிவதெல்லாம் சக்கரமும் தண்டும். உயிர் இருப்பது பாய்லரில். அதன் நெருப்புப் பெட்டிக்கு இரண்டு சுவர், இடையில் தண்ணீர், இரண்டையும் பிடித்து நிற்பவை நூற்றுக்கணக்கான இரும்புக் கட்டாணிகள். துரு அந்த இடுக்கில்தான் குடியிருக்கும். கட்டாணி முறிந்தாலும் வெளியே பெயிண்ட் பளபளக்கும். நிலைமை தெரிய வேண்டுமென்றால் குழாய்களை வெட்டி எடுத்து, தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். அதற்கு முன் வெப்பக் காப்பு உறையைக் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து உறையில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு தண்ணீரை அழுத்தி ஒரு சோதனை. நேராக நெருப்பு மூட்டிப் பார்க்க முடியாது. இந்தியாவின் டபிள்யூபி வகை நீராவி இஞ்சின் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் ஓடியது. உள்ளே தண்ணீர் சுமார் 200 டிகிரி. தகடு பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி வெடிக்கும். கடற்காற்றும் மழையும் அடிக்கும் ஜொகூரில் பல பத்தாண்டு வெட்டவெளியில் நின்ற பாய்லரை நான் நம்பமாட்டேன்.

"பாசிர் கூடாங் ஆலைகளில் பாய்லர்மேன்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள், செம்பனை ஆலை பாய்லர்களில் கைதேர்ந்த நம்மவர்களும் உண்டு. ஆனால் ஆலையின் பெரிய பாய்லர்கள் பெரும்பாலும் குழாய்க்குள் தண்ணீரும் வெளியே நெருப்பும் உள்ளவை. இஞ்சினில் அது தலைகீழ், அதுவும் தண்டவாளத்தில் குலுங்கிக்கொண்டே ஓடும். மேலும் பாய்லர் பாதி வேலைதான். மலாயாவுக்குக் கடைசியாக வந்த பெரிய இஞ்சின்களான 56 வகைக்கு மூன்று உருளைகள். நடு உருளையைத் தொட வேண்டுமானால் சட்டத்துக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். கட்டிய கிளாஸ்கோ நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1962ல் மூடப்பட்டது. தேய்ந்த பாகம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக அச்சு செய்து வார்க்க வேண்டும். அந்த வேலை தெரிந்த செந்தூல் பட்டறையும் இன்று இல்லை.

அடுத்து ஊட்டியைக் காட்டுவார்கள். ஊட்டிப் பாதையில் நீராவி ஒருபோதும் நின்றதில்லை. குன்னூர் ஷெட்டில் கற்றவர் அடுத்தவருக்குக் கற்பித்துக்கொண்டே வந்தார். பொன்மலைப் பணிமனை புது இஞ்சினையே கட்டித் தந்தது. 1855ல் பிறந்த ஃபேரி குயின் இஞ்சின் 1997ல் மீண்டும் ஓடியதும் உண்மை. ஆனால் அதன் எடை 26 டன். டபிள்யூபி, நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் பெட்டியோடு 170 டன்னைத் தாண்டும். இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி விடைபெற்றதே 1995ல்தான். ஃபேரி குயினை ஓடவைத்த பெரம்பூர்ப் பணிமனையின் கைகளில் பழக்கம் ஆறவில்லை. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி 'பிக் பாய்' 4014 இஞ்சினை 2013ல் திரும்ப வாங்கி 2019 மே மாதம் ஓடவிட்டது. அந்தக் கம்பெனிக்குச் சொந்தப் பட்டறை உண்டு. 844 என்ற இஞ்சினை அது ஓய்வுக்கு அனுப்பியதே இல்லை. அவர்களுக்கே அத்தனை ஆண்டு.

பணம் திரட்டினால் முடியும் என்பது பாதி உண்மை. இங்கிலாந்து ஆர்வலர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு செலவில் 2008ல் 'டொர்னாடோ' நீராவி இஞ்சினைப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். பாய்லரை ஜெர்மனியின் மைனிங்கனில் செய்து வாங்கினார்கள். செலவு அதோடு நிற்பதும் இல்லை. அமெரிக்க விதிப்படி 1,472 ஓட்ட நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது பாய்லரைப் பிரித்தாக வேண்டும். திறப்பு விழாவுக்கு நன்கொடை கொடுப்பவர்கள் அந்தப் பதினைந்தாம் ஆண்டுக்கும் கொடுப்பார்களா?

"சபாவில் ஓடியதே!" ஓடியது. 2000ல் தொடங்கிய அந்தச் சுற்றுலா ரயிலுக்குச் சிறிய வல்கன் இஞ்சின், எரிக்க விறகு, தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத பாதை. கெம்பாஸ் பாரு வழியாகப் போகும் நம் பிரதானத் தடத்தில் 25,000 வோல்ட் தொங்குகிறது. புகைக்கரி மின்காப்பிகளில் படிந்தால் மின்கசிவு. தண்ணீர் பிடிக்க டெண்டர் மேல் ஏறினால் ஆள் போய்விடுவான்.

"ஓடாத இஞ்சின் செத்த இரும்பு" என்பது கடைசி வாதம். அப்படியில்லை. சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து சற்றே தூக்கி, குறைந்த அழுத்தக் காற்றை உருளைக்குள் விட்டால் பிஸ்டனும் தண்டும் ஆடும், சக்கரம் சுற்றும். பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கலாம். பாய்லரைத் தொடவே வேண்டாம். அதற்கும் முன்னால் அந்த இஞ்சினுக்கு மேலே ஒரு கூரை போடட்டும்.