அடித்தால் நிற்குமா குதிரை?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டி ஒரு பெரிய கால்நடைச் சந்தை கூடும். மாடுகளோடு குதிரைகளும் அங்கு விற்பனைக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அச்சந்தைக்குச் சென்றிருந்தபோது, அடுத்தடுத்து நின்ற இரண்டு குதிரைகள் என் கவனத்தைக் கவர்ந்தன.

ஒன்று வெள்ளைக் குதிரை. அது ஓயாமல் முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த இளைஞர் ஒவ்வொரு முறையும் தலைக்கயிற்றை வெடுக்கென்று இழுத்துச் சாட்டையின் பிடியால் அதன் நெஞ்சில் இடித்தார். இடி விழுந்ததும் அது பின்னுக்குத் தாவும். பிறகு மீண்டும் பறிக்கும். கடைசியில் விழிகள் உருள, மூக்குத் துளைகள் விரிய, உடல் விறைத்து நின்றுவிட்டது. "பாத்தீங்களாங்க? அடியாத மாடு படியாதுங்க" என்றார் அவர் என்னிடம். மற்றது செம்பழுப்பு நிறம். அதன் உரிமையாளரான முதியவர் கயிற்றை முழங்கை மடிப்பில் தொங்கவிட்டு, யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். குதிரை ஒரு பின்னங்காலை மடக்கி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, அரைத் தூக்கத்தில் நின்றது.

இரண்டு குதிரைகளும் அசையாமல்தான் நின்றன. ஆனால் செம்பழுப்புக் குதிரை நிற்கக் கற்றிருந்தது; வெள்ளைக் குதிரை எதையும் கற்கவில்லை என்பது என் கருத்து. இதைச் சொன்னால் குதிரை வளர்ப்போர் சிலர் சிரிப்பார்கள். "நின்றுவிட்டதல்லவா, பிறகென்ன?" என்பார்கள். அவர்களுக்கு விடை கூறவே இதை எழுதுகிறேன்.

மாணவ நண்பர்களே, நிற்பது குதிரையின் உடலுக்குச் சிரமமான செயலே அன்று. நின்றபடியே உறங்கும் விலங்கு அது. பின்னங்காலின் முழங்காற் சில்லைத் தொடை எலும்பின் முனையிலுள்ள மேட்டில் கொளுவிக்கொண்டால், அந்தக் கால் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். தசைகள் அதிகம் உழைக்காமலே நாண்களும் நார்களும் உடலைத் தாங்கிக்கொள்ளும். ஆழ்ந்த கனவுத் தூக்கத்திற்கு மட்டுமே அது சிறிது நேரம் படுக்க வேண்டும். இப்படிப்பட்ட விலங்கால் சந்தையில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை என்றால், தடை அதன் காலில் இல்லை என்பது தெளிவு.

குதிரை புல் தின்னும் விலங்கு. பிற விலங்குகளுக்கு இரையாவது. ஓடித் தப்பியே அதன் இனம் பிழைத்து வந்துள்ளது. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை வரை சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், நெற்றிக்கு வெகு அருகிலும் மட்டுமே அதற்குத் தெரியாது. காதுகளில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பிக் கேட்கும். ஐயம் தோன்றினால் முதலில் ஓட்டம், பிறகுதான் மற்றவை. மேளம் முழங்கும் கூட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "நில்" என்று நாம் கட்டளையிடுவது, உயிர் காக்கும் அந்த ஓட்டத்தையே கைவிடச் சொல்வதாகும். சிறிய வேண்டுகோள் அன்று அது.

இன்னொன்றும் உண்டு. இயற்கையில் குதிரை ஒரு நாளின் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை மேய்வதிலேயே கழிக்கும். அதன் இரைப்பை சிறியது. அமிலமோ உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். காலை முதல் வெறும் வயிற்றோடு கட்டிவைத்துவிட்டு, அது தரையைப் பறிக்கிறதே என்று கோபித்துக்கொள்வதில் என்ன பொருள்? பசி, ஈக்கடி, குளம்பில் வலி, கூட்டாளிக் குதிரையைப் பிரிந்த தவிப்பு ஆகியவற்றையெல்லாம் பார்த்துத் தீர்த்த பின்னரே பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி, கற்றல் என்பதற்கு வருவோம். 1898-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், மோதும். தற்செயலாகத் தாழ் திறந்து வெளியே வரும். பலமுறை அடைத்தபின், வீண் முயற்சிகள் குறைந்து, தாழைத் திறக்கும் செயல் மட்டும் நிலைத்தது. இன்பமான விளைவைத் தரும் செயல் வலுப்பெறுகிறது என்று அவர் வகுத்ததையே 'விளைவு விதி' என்கிறோம். இதைக் குதிரையிடம் பொருத்திப் பாருங்கள். குதிரை காலை நகர்த்துகிறது. கயிற்றை மெல்ல இழுத்து முன்பிருந்த இடத்திற்கே அதைக் கொண்டுவருகிறீர்கள். குளம்பு தரையில் ஊன்றிய அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்துகிறீர்கள். இழுப்பு நீங்கியதே அதற்குப் பரிசு. 'நின்றால் தொல்லை இல்லை' என்பது இப்படித்தான் அதற்குப் புரிகிறது.

எல்லாம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. குதிரை நின்று, ஒரு மூச்சு விட்டு, மீண்டும் அசையத் தொடங்கியபின் கயிற்றைத் தளர்த்தினால், அசைவுக்குத்தான் பரிசு கிடைக்கும். முதல் நாளில் மூன்று நொடி நின்றாலே போதும். அது பொறுமை இழப்பதற்கு முன் நாமாகவே அதை நடத்திச் செல்ல வேண்டும். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. அமைதியான இடத்தில் ஒரு நிமிடம் நிற்கப் பழகியபின், ஒலியுள்ள இடத்திற்குக் கொண்டு சென்றால், அங்கே மீண்டும் மூன்று நொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நேரத்தையும் தொல்லையையும் ஒரே நாளில் கூட்டுவோரே பெரும்பாலும் தோற்கிறார்கள்.

அடி ஏன் இதைச் செய்வதில்லை? வலி கண்ட உடல் விலகி ஓடவே முனையும். நிற்கக் கற்பிப்பதற்காக, ஓடத் தூண்டும் செயலையே செய்கிறோம்! மேலும், அடிக்கும் கை பெரும்பாலும் பிந்தியே வருகிறது. பறித்த கால் தரையில் ஊன்றியபின் இடி விழுந்தால், ஊன்றியதற்கே தண்டனை கிடைத்ததாக ஆகிறது.

இதற்கு நேர்மாறான தவற்றை அன்புள்ளவர்கள் செய்கிறார்கள். குதிரை காலைப் பறித்தால் "பாவம், பசி" என்று ஒரு பிடி கொள்ளு கொடுப்பார்கள். அது பசியாகவே இருக்கலாம். ஆனால் பறித்தால் கொள்ளு வரும் என்பதையும் குதிரை கற்றுக்கொள்கிறது. பத்து முறைக்கு ஒரு முறை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எப்போதாவது மட்டும் பரிசு கிடைக்கும் பழக்கம் எளிதில் மறையாது என்று ஸ்கின்னர் என்னும் அறிஞர் எலிகளிடமும் புறாக்களிடமும் கண்டார். நேரத்திற்குத் தீனி வைக்க வேண்டும்; பறிக்கும் காலுக்கு வைக்கக் கூடாது.

கற்பிப்பவரின் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்லின் நகரில் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. கூட்டல், கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி அது விடை சொல்லியது. 1904-இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்தது. ஏமாற்று வேலை எதுவும் தெரியவில்லை. பின்னர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாக ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறு செய்தது. கேள்வி கேட்டவர்கள் தம்மை அறியாமல் தலையைச் சற்றே குனிந்தார்கள். சரியான எண் வந்ததும் இலேசாக நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்தலைக் கண்டதும் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தக் கூர்மை கணக்கைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. மனிதரின் தலை நூலளவு அசைந்ததைக் கண்டு காலை நிறுத்திய விலங்கின் பக்கத்தில் நின்றுகொண்டு, நாம் கயிற்றை உலுக்கி, கத்தி, கால் மாற்றி நின்றால், 'நில்' என்ற சொல் அதற்கு எப்படி விளங்கும்?

'அப்படியானால் குதிரையைக் கட்டுப்படுத்தவே கூடாதா?' என்று நீங்கள் வினவலாம். நியாயமான கேள்வி. காயத்திற்குத் தையல் போடும் கால்நடை மருத்துவர் பல வாரப் பயிற்சிக்குக் காத்திருக்க முடியாது. குதிரையின் மேலுதட்டைக் கயிற்று வளையத்தில் மாட்டி முறுக்கிப் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அப்போது வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் என்னும் பொருள் இரத்தத்தில் கூடுவதாக 1984-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தெரிவித்தனர். 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மேலும் ஒரு செய்தியைத் தந்தது. உதட்டை முறுக்கிய முதல் ஐந்து நிமிடம் இதயத் துடிப்பு குறைந்தது. அதற்குமேல் நீடித்தபோது கூடியது. காதை முறுக்கியபோதோ தொடக்கத்திலிருந்தே உடல் பதற்றம் காட்டியது. வெளியே அசைவில்லை, உள்ளே பதற்றம்! அவசர வேளையில் சில நிமிடம் இப்படிப் பிடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கற்பித்தல் என்று அழைப்பதைத்தான் மறுக்கிறேன்.

அமைதியாக உள்ள குதிரையின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 முறைதான் துடிக்கும். நம்முடையதைவிட மிகக் குறைவு. அச்சம் கொண்டால் நூறையும் தாண்டும். அமைதியைக் கையால் தர முடியுமா? முடியும். குதிரைகள் ஒன்றுக்கொன்று பிடரி முடியும் இடத்திற்கருகே பல்லால் வருடிக்கொள்வதைக் காணலாம். அந்த இடத்தில் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு 1993-இல் காட்டியது. வேறோர் இடத்தில் சொறிந்தபோது அப்படிக் குறையவில்லை. நாமோ பாராட்டும்போது கழுத்தில் பட்பட்டென்று அறைகிறோம். அறையைப் பாராட்டாகக் கொள்ளக் குதிரைக்கு என்ன காரணம் இருக்கிறது?

இவை அனைத்தும் ஆய்வுக்கூடங்களில் மட்டுமே பிறந்த அறிவு அல்ல. கிரேக்கப் படைத் தலைவர் செனபோன், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, சினத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று தம் குதிரையேற்ற நூலில் எழுதியிருக்கிறார். நம் ஊர் ஜட்கா வண்டிக்காரர்களிலும் இதை அறிந்தோர் இருந்தனர், அறியாதோரும் இருந்தனர்.

அந்தியூர் முதியவரிடம் அன்று பேச்சுக் கொடுத்தேன். "எப்படிங்க ஐயா இப்படிப் பழக்கினீங்க?" என்றேன். "குட்டியிலயே பழக்குனதுங்க. காலையில தீனி தின்னு முடிச்ச பொறவு வேப்பமரத்தடியில நிறுத்துவேன். மொத நாளு பத்து எண்ற வரைக்குந்தான் நின்னுதுங்க" என்றார். இப்போது எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டதற்கு, அவர் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த முறை குதிரையைக் காணும்போது, நீங்களும் தள்ளி நின்று பாருங்கள். (அறிமுகமில்லாத குதிரையின் பின்பக்கம் போகவே போகாதீர்கள், அது நீங்கள் தெரியாத இடம்.) காது தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா? மூக்குத் துளை விரிந்திருக்கிறதா? ஒரு பின்னங்கால் ஓய்வில் மடங்கியிருக்கிறதா, நான்கும் ஓடத் தயாராக ஊன்றியிருக்கின்றனவா?

வெள்ளைக் குதிரையிடம் அன்று மாலை திரும்பிப் போனேன். அது விற்றுப் போயிருந்தது. கட்டியிருந்த இடத்தில் குளம்பால் பறித்த பள்ளம் மட்டும் ஒரு சாண் ஆழத்திற்கு இருந்தது. காலை முதல் அதற்கு யாராவது ஒரு கட்டுப் புல் போட்டார்களா என்று அந்த இளைஞரிடம் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை.