மாமா ஆப் கேட்டால் முதல்ல என்ன செய்யணும்?



இந்த வார எபிசோடில் நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு விஷயம்.

எடிசன் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் ஒரு மாமா என்னைப் பிடிச்சுட்டார். "கம்ப்யூட்டர்லதானே இருக்கே? நம்ம பள்ளிக்கு ஒரு ஆப் போட்டுக் கொடுப்பா." உங்கள்ல பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும். நானும் உற்சாகமா புது சர்வர், புது டேட்டாபேஸ்னு ஆரம்பிச்சேன். ஆண்டு விழா தேதி மாறினப்போ தளத்தில் மாத்தினாங்க, என் ஆப்பில் யாரும் மாத்தலை. ஒரு குடும்பம் பட்டுப்புடவையோட வந்து பூட்டின கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போச்சு. தப்பு என்னுதுதான்.

ஏன்னா பள்ளித் தளம் ஓடுறது வேர்ட்பிரஸில். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே அது பதிவு, பக்கம், படம் எல்லாத்தையும் ரெஸ்ட் ஏபிஐ வழியா ஜேசனா கொடுக்குது. ட்ரூபல் 8 அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இந்த வசதியோட வந்தது. கெட் போட்டால் படிக்கலாம். அனுமதி இருந்தா போஸ்ட் போட்டு எழுதலாம். நான் எழுத வேண்டியிருந்தது அதைப் படிச்சுக் காட்டற ஒரு சின்ன ஸ்கிரீன் மட்டும்.

ஆனா ஏபிஐயைத் திறந்து பார்த்தா தேதி, நேரம், இடம் எல்லாமே ஃபிளையர் படத்துக்குள்ள! ஜேசன்ல வந்தது ஒரு ஜேபெக் முகவரி. நூலகம் தளத்தைப் பாருங்க. 2005லிருந்து ஈழத்து நூல்களைச் சேர்க்கறாங்க. மீடியாவிக்கிதான், பளபளப்பெல்லாம் இல்லை. ஆனா ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், பதிப்பு, பக்கங்கள்னு தனித்தனிக் கட்டம். யார் எந்த ஆப் எழுதினாலும் எடுத்துக்கலாம்.

அந்த எண் விஷயம் முக்கியம். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியாக்கும்போது, புள்ளி, துணைக்கால் உள்பட ஒவ்வொரு யூனிகோட் குறியும் 9 எழுத்தா நீளும். 200க்கு மேல போனா வெட்டிடும். 'தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா' 191, தப்பிச்சுடும். முன்னாடி 'நியூ ஜெர்சி' சேர்த்தா வால் காலி. (பாவம், விழாதான் போகும்.) அதனால முகவரியை நம்பாம பதிவோட எண்ணை வெச்சு எடுங்க.

இன்னொண்ணு: 4.7.0, 4.7.1 ரெண்டிலும் இந்த ஏபிஐயிலேயே ஒரு ஓட்டை இருந்தது. லாகின் இல்லாமலே யாரும் பதிவை மாத்தலாம். 2017 ஜனவரியில் 4.7.2 வந்துதான் அடைச்சாங்க. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க, பிள்ளைங்க பேர், பெற்றோர் போன் நம்பரை அந்தத் தளத்தில் வைக்கவே வைக்காதீங்க.

அடுத்த தடவை மாமா பிடிச்சா, கோட் எழுதறதுக்கு முன்னாடி ஃபிளையர் போடற அக்காவோட போய் உட்காருங்க. நான் உட்கார்ந்தேன். விழாவுக்குன்னு தேதி, நேரம், இடம் மூணு கட்டம் போட்டோம். அதை ஏபிஐக்கும் காட்டச் சொல்லித் தனியா எழுதணும், மறந்தா ஜேசன்ல வராது. ஃபிளையரை மட்டும் அக்கா விட மாட்டேன்னுட்டாங்க. அதுவும் இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு.