எச்சரிக்கை யாருக்கு?

2004 டிசம்பர் 26 அன்று கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் சூழ்ந்த செய்தி, தமிழகக் கரையை ஆழிப்பேரலை தாக்கும் முன்னரே சென்னையிலிருந்த விமானப்படையினரை எட்டியது. வானிலைத் துறையோ நிலநடுக்கத் தகவலை, பதவியிழந்து ஏழு மாதங்களான முன்னாள் அமைச்சர் முரளி மனோகர் ஜோஷிக்குத் தொலைநகலில் அனுப்பியது. நாகை மீனவருக்கு ஒரு சொல்லும் செல்லவில்லை.

இது வெறும் முகவரிப் பிழையன்று. அபாயச் செய்தியும் மேலிடத்திற்கே செல்ல வேண்டும் என்னும் அதிகார வர்க்க மரபின் விளைவு. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. அதன் செய்தி, போர்ட் பிளேரின் மின்னி பே கரையில் வாழும் உழைப்பாளிக்கு அவர் மொழியில், உரிய நேரத்தில் சேருமா என்பதே உரைகல். அழிவுக்குப் பின் ஒலிவாங்கி முன் நிற்பது தலைமையன்று. அலைக்கு முன் மக்களை எட்டுவதே தலைமை. அதை அரசிடம் போராடிப் பெறுவது கட்சிக் கிளைகளின் கடமை.